சுவருக்குள்ளே ஒரு கசிவு

கொல்லிமலையில் தை மாதத்து வைகறை எப்படியிருக்கும் என்பதை, காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டையூசி வளைவுகளையும் கடந்து மேலே வந்து ஓரிரவேனும் தங்கியவர் அறிவர். கடல்மட்டத்திலிருந்து சுமார் 1000 முதல் 1300 மீட்டர் உயரத்தில் கிடக்கும் நாடு இது. பகலில் இதமாக இருக்கும். இரவின் கடைச்சாமத்தில் தொட்டித் தண்ணீர் கையை அறுக்கும். தமிழாசிரியப் பணியை முன்னிட்டு நாம் செம்மேட்டுக்கு அருகே ஒரு வாடகை வீட்டில் குடியிருந்து வருகிறோம். உடனிருப்பவர்கள் நம் இல்லாளும், எண்பத்திரண்டு வயதான நம் தாயாரும்.

தாயார் சுபுஹுத் தொழுகையை நேரம் தவறித் தொழுததை நாம் கண்டதில்லை. நாம் எழுவதற்கு அரைமணி நேரம் முன்பே குளியலறையில் மணைப்பலகையைப் போட்டு உட்கார்ந்து ஒளூச் செய்துகொண்டிருப்பார். சிரமமான வேளையிலும் ஒளூவை நிறைவாகச் செய்வோருக்குரிய நற்பேறு ஹதீஸ்களில் பேசப்படுகிறது. ஆயினும் வெந்நீர் கிடைக்கும்போது தண்ணீரில் வருந்த வேண்டுமென்று மார்க்கம் சொல்லவில்லை. ஆகவே இவ்வீட்டில் முன்னரே பொருத்தப்பட்டிருந்த 15 லிட்டர் மின்வெந்நீர்க் கலத்தை - ஊரார் வழக்கில் ‘கீசர்’ - நாம் பெரிய அருட்கொடையாகவே கருதியிருந்தோம்.

ஐஸ்லாந்துத் தீவில் நிலத்தைப் பிளந்துகொண்டு பீறிடும் ஒரு வெந்நீர் ஊற்றின் பெயரே இக்கருவிக்கு வந்து ஒட்டிக்கொண்டது. பெயர்தான் ஆரவாரமானதேயன்றி அமைப்பு எளியது. இரும்புத் தொட்டி ஒன்று. அதனுள் நீரைச் சுடவைக்கும் எலிமென்ட். குறித்த சூடு வந்ததும் மின்னோட்டத்தை நிறுத்தும் தெர்மோஸ்டாட். தண்ணீர் உட்புக ஒரு வழி, வெந்நீர் வெளியேற ஒரு வழி. இவற்றோடு அபாயம் காக்கும் வால்வு ஒன்றும் உண்டு. சூடேறிய நீர் பருமனில் பெருகும். 20 பாகையிலுள்ள 15 லிட்டர் நீரை 70 பாகைக்குக் கொண்டுவந்தால் சுமார் 300 மில்லி லிட்டர் கூடுதலாகிவிடும். அது போக வழியில்லாமல் அழுத்தம் ஏறினால் அந்த வால்வு சொட்டுச் சொட்டாக வெளியேற்றும். வால்வு அவ்வாறு சொட்டுவது பழுதன்று, பாதுகாப்பு.

இந்தக் கடைசிச் செய்தியை நாம் எங்கோ படித்து வைத்திருந்தோம். அரைகுறையாகப் படித்தது எவ்வளவு கேடு செய்யும் என்பதை அப்போது அறிந்தோமில்லை.

ஐப்பசி மழைக்குப் பின் கலத்தின் அடியிலிருந்து நீர் சொட்டத் தொடங்கியது. இல்லாள் காட்டியபோது, “அது வால்வு சொட்டுவது. அப்படித்தான் சொட்ட வேண்டும்” என்று விளக்கம் சொன்னோம். வால்விலிருந்து சொட்டுகிறதா, தொட்டியின் அடித்தகட்டிலிருந்து சொட்டுகிறதா என்று நிமிர்ந்து பார்க்கவில்லை. கீழே ஒரு வாளியை வைத்ததோடு நம் ஆராய்ச்சி முடிந்தது.

கார்த்திகையில் குளியலறையை ஒட்டிய அறைச்சுவரில் ஈரம் ஏறியது. அந்தச் சுவரோரமாகத்தான் நம் கிதாபுகளும் தமிழ் நூல்களும் அடுக்கியிருந்தன. சீறாப்புராணப் பிரதியின் பின்னட்டையில் பூஞ்சை பூத்திருந்தது. மலைநாட்டு மழையின் குணம் என்று சொல்லி அலமாரியை எதிர்ச்சுவருக்கு நகர்த்தினோம்.

மார்கழியில் மூன்றாவது தொல்லை வந்தது. வீட்டின் மின்பலகையில் ஈ.எல்.சி.பி. என்று மின்பணியாளர் வழங்கும் துண்டிப்பான் ஒன்று இருந்தது. உள்ளே போகும் மின்னோட்டமும் திரும்பிவரும் மின்னோட்டமும் சமமாக இருக்கின்றனவா என்று கணமும் பார்த்துக்கொண்டிருப்பதே அதன் வேலை. வேறு வழியாக, அதாவது ஈரச்சுவர் வழியாகவோ மனித உடல் வழியாகவோ, 30 மில்லி ஆம்பியர் அளவு கசிந்தாலும் கண்ணிமைப்பதற்குள் இணைப்பை அறுத்துவிடும். அது நம் வீட்டில் வைகறைதோறும் விழத் தொடங்கியது. இருட்டில் தாயார் தடுமாறுவார். நாம் எழுந்து போய்த் தூக்கிவிடுவோம். அது மீண்டும் விழும். ஒருநாள் பணியாள் ஒருவரை அழைத்து, “இந்தத் தொல்லையிலிருந்து எங்களை விடுவியுங்கள்” என்றோம். அவர் அதைத் தவிர்த்துக் கம்பியை நேரே இணைத்துவிட்டுப் போனார். கூலி கொடுத்தது நாம். செய்யச் சொன்னதும் நாம். அவரைக் குறை கூறுவதற்கு நமக்கு வாயில்லை.

அதன்பின் துண்டிப்பான் விழவில்லை. வீட்டில் அமைதி நிலவியது.

தை பிறந்து நான்கைந்து நாள் சென்றிருக்கும். தாயார் சொன்னார்: “குழாயத் தொட்டா கையில எறும்பு ஊருற மாதிரி இருக்கு அத்தா.” குளிருக்கு நரம்பு மரத்துப்போயிருக்கும் என்றோம். இரண்டு நாள் கழித்து, “எறும்பு கடிக்குது அத்தா” என்றார். சேந்தமங்கலம் போனபோது ஒரு புட்டித் தைலம் வாங்கிவந்து இல்லாளிடம் கொடுத்துத் தேய்த்துவிடச் சொன்னோம். தாயார் மறுக்காமல் தேய்த்துக்கொண்டார். அதன் பிறகு அவர் அதைப் பற்றிப் பேசவில்லை.

அந்த வாரத்தில் நாம் மாணவருக்கு என்ன பாடம் நடத்திக்கொண்டிருந்தோம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். மாலையில் வீட்டுக்கு வந்து ஓதும் பிள்ளைகள் சிலர் உண்டு. அவர்களுக்குத் தூய்மைப் பாடத்தில் நீரின் வகைகளைச் சொல்லிக்கொண்டிருந்தோம். வெப்பமான நாடுகளில், உலோகப் பாத்திரத்தில் வெயிலால் சூடேறிய நீரை உடலுக்குப் பயன்படுத்துவது விரும்பத்தக்கதன்று என்று ஷாஃபிஈ மத்ஹபின் ஃபிக்ஹு நூல்களில் வரும். சூட்டினால் பாத்திரத்தின் உலோகத்திலிருந்து ஏதோ ஒன்று நீரில் கலந்து மேனிக்குத் தீங்கு செய்யக்கூடும் என்று அஞ்சி அவ்வாறு கூறினர். அந்த அச்சம் மருத்துவப்படி சரியா என்பது வேறு விவாதம். ஒரு மனிதன் முகம் கழுவும் நீரில் பாத்திரத்திலிருந்து என்ன இறங்குகிறது என்று அந்தப் பெரியோர் எவ்வளவு கவலையோடு பார்த்தனர் என்று நாம் பிள்ளைகளுக்கு வியந்து விளக்கினோம். அடுத்த அறையில் நம் பாத்திரம் சொட்டிக்கொண்டிருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை அதிகாலை வாளி நிரம்பித் தரையெல்லாம் நீரானது. இனியும் தள்ளிப்போட முடியாமல், குழாய்ப் பணி செய்யும் ஓர் இளைஞரை அழைத்தோம். மலையிலேயே பிறந்தவர், நம்மிடம் பத்தாம் வகுப்பில் தமிழ் படித்தவர். உள்ளே வந்தவர் கலத்தைத் தொடவில்லை. முதலில் சட்டைப்பையிலிருந்து டெஸ்டரை எடுத்துக் குழாயின் மேல் வைத்தார். அதிலிருந்த சிறு விளக்கு சிவப்பாக எரிந்தது.

“ஐயா, யாரும் இதத் தொடலையே?” என்றார்.

தாயார் அப்போதுதான் ஒளூவை முடித்து வெளியே வந்திருந்தார். “நான் தினமும் தொடுறேன் கண்ணு” என்றார்.

அந்த இளைஞர் மணைப்பலகையைப் பார்த்தார். தாயாரின் காலைப் பார்த்தார். “பாட்டி இந்தப் பலகை மேல உக்காந்துதான் செய்வாங்களா?” என்று கேட்டார். ஆமென்றோம். அவர் வேறொன்றும் சொல்லாமல் போய் மெயின் சுவிட்சை அணைத்தார். நாம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

பிறகு விளங்கியது இதுதான். தொட்டியின் அடி துருவேறிப் பொத்துப்போயிருந்தது. ஒழுகிய நீர் எலிமென்ட் இணைப்பு முனைகளை நனைத்து, உலோக உடலுக்கும் குழாய்க்கும் மின்சாரத்தைக் கடத்தியிருந்தது. அதை மண்ணுக்குள் இறக்க வேண்டிய எர்த் கம்பி, பிளக் வரை வந்து அங்கே எதனோடும் சேராமல் நின்றிருந்தது. கசிவைக் கண்டு இணைப்பை அறுக்க வேண்டிய துண்டிப்பானை நாம் ஊமையாக்கியிருந்தோம். ஈரச்சுவர் வழியே ஒரு பகுதி இறங்கிப்போனதும், உலர்ந்த மரப்பலகை ஒன்று தாயாருக்கும் ஈரத் தரைக்கும் இடையே இருந்ததுமே அவரைக் காத்தன. அல்லாஹ் காத்தான் என்று சொல்வதே முறை. நாம் காக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பழைய கலத்தைக் கழற்றிப் புதியதை மாட்டுவது அரைநாள் வேலை என்று எண்ணியிருந்தோம். அது மூன்று நாள் ஆயிற்று. முதலில் நீரை நிறுத்தவேண்டிய கேட் வால்வு கைப்பிடியைத் திருப்பத் திருப்பச் சுற்றியதே தவிர மூடவில்லை. உள்ளே தண்டு முறிந்திருந்தது. மேல்தொட்டியை முழுக்கக் காலி செய்தாலன்றி வேலை நடவாது. முந்தின நாள்தான் நிரப்பிய ஆயிரம் லிட்டர் அது. ஓடும் ஆற்றங்கரையில் இருந்தாலும் நீரை வீண் செய்யலாகாது என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் போதனை. கோடையை எதிர்நோக்கியிருக்கும் மலையூரில் சொல்லவே வேண்டியதில்லை. அக்கம்பக்கத்தாரை அழைத்தோம். குடமும் அண்டாவும் டிரம்முமாக வந்து எல்லாரும் பிடித்துக்கொண்டு போனார்கள். ஒரு சிறுமி சோறாக்கும் குண்டானைக்கூடக் கொண்டுவந்திருந்தாள்.

அடுத்து, வெந்நீர் வெளியேறும் நிப்பிளைப் பைப் ரெஞ்சினால் திருப்பியதும் அது சுவருக்குள் இருந்த எல்போவோடு முறிந்தது. சுவரை உளியால் கொத்தித் திறந்தபோது, உள்ளே இருந்த ஜி.ஐ. குழாய் விரலால் அழுத்தினால் உதிரும் நிலையில் இருந்தது. இரும்பைக் காப்பது மேலே பூசிய துத்தநாகம். மரை வெட்டும் இடத்தில் அப்பூச்சு போய்விடும். வெந்நீர் ஓடும் குழாயில் துரு இன்னும் விரைந்து பிடிக்கும். கலம் ஒழுகியது ஒரு கசிவு. சுவருக்குள் யாரும் காணாமல் ஒழுகியது மற்றொன்று. சீறாப்புராணத்தின் பூஞ்சைக்கு மழை காரணமன்று என்பது அப்போதுதான் தெரிந்தது.

மறுநாள் இளைஞரும் நாமும் நாமக்கல்லுக்குப் பேருந்தில் இறங்கினோம். புதுக்கலம், புது வால்வு, வெந்நீரைத் தாங்கும் சி.பி.வி.சி. குழாய், யூனியன், டெஃப்ளான் டேப் என்று பட்டியல் நீண்டது. சாதாரண பி.வி.சி. குழாய் விலை மலிவு. ஆனால் வெந்நீரில் இளகி வளைந்துவிடும் என்று இளைஞர் தடுத்தார். சுவரை உடைத்தால்தான் கழற்ற முடியும் என்ற நிலை மறுபடி வரக்கூடாதென்று கலத்தின் இருவழியிலும் யூனியன் வைத்தார். திரும்பி வருகையில் கலத்தை மடியில் வைத்துக்கொண்டு எழுபது வளைவுகளையும் எண்ணினோம். அதற்குள் அவர் கேட்டார்: “ஐயா, எங்க தொழிலுக்கு அரபியில என்ன பேரு?”

சப்பாக் என்றோம். உலோகத்தை உருக்கி வார்ப்பவன் என்பது அதன் வேர்ப்பொருள். ஆங்கிலத்துப் பிளம்பர் என்ற சொல்லும் ஈயத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்ததே. அக்காலத்துக் குழாய்கள் ஈயத்தாலானவை. ஒளூவுக்கு நீர் வார்க்கும் பொறிகளைக்கூட நம்மவர் செய்திருக்கின்றனர் என்று அல்ஜஸரீயைப் பற்றியும் சொன்னோம். தியார்பக்கிர் அரசவையில் பொறியாளராக இருந்து 1206ஆம் ஆண்டில் தம் பெருநூலை முடித்தவர் அவர். பணியாளர் கையில் நீர் ஊற்றுவதை அவருடைய அரசர் விரும்பவில்லை; அதனால் தானே நீர் வார்க்கும் பொறியைச் செய்தளித்ததாக அவரே எழுதியிருக்கிறார். இளைஞர் சற்று யோசித்துவிட்டு, “அதுல கரண்டு இல்லயே ஐயா” என்றார். நமக்குச் சிரிப்பு வரவில்லை.

மூன்றாம் நாள் பழைய கலத்தை முற்றத்தில் பிரித்துக் காட்டினார். நடுவில் மெக்னீசியத் தண்டு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கம்பி மட்டுமே எஞ்சியிருந்தது. இரும்பைவிட எளிதில் அரிபடும் உலோகத்தை அருகே வைத்தால் அரிப்பு அதன்மேல் போகும், இரும்பு பிழைக்கும். 1824இல் ஹம்ஃப்ரி டேவி என்னும் ஆங்கில அறிவியலாளர் போர்க்கப்பல்களின் செப்புத் தகட்டைக் காக்க இம்முறையைக் கண்டார். அந்தத் தண்டு தன்னைத் தின்னக் கொடுத்துத் தொட்டியைக் காத்திருக்கிறது. அது தீர்ந்ததும் மாற்றியிருந்தால் தொட்டி இன்னும் சில ஆண்டு உழைத்திருக்கும். இரண்டாண்டுக்கு ஒருமுறையேனும் திறந்து பார்க்க வேண்டுமாம். அப்படியொரு தண்டு உள்ளே இருப்பதே நமக்குத் தெரியாது.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. இம்மலையில் சிறுவயதைக் கழித்த ஒருவரின் நினைவு வந்தது. பால் பிராண்ட் 1914இல் பிறந்தவர். அவர் தந்தையார் ஜெஸ்ஸி பிராண்ட் கிறிஸ்தவ ஊழியராக இங்கு மருத்துவமும் செய்து 1929இல் காய்ச்சலில் இறந்தார். தாயார் எவலின் முதுமையிலும் மலைகளைவிட்டு அகலாமல் பணியாற்றி 1974இல் மறைந்தார். மகனோ வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் அறுவை மருத்துவராகித் தொழுநோயாளரின் கைகால்களைச் சீர்செய்வதில் உலகப் புகழ் பெற்றார். தொழுநோய் விரல்களைத் தானே தின்பதில்லை. நரம்பு மரத்து வலி தெரியாமற் போவதால், சுடுவதும் கிழிவதும் உணரப்படாமல் உறுப்புகள் அழிகின்றன என்று நிறுவியவர்களுள் அவர் முதன்மையானவர். பின்னாளில் வலியற்ற கைகளுக்குச் செயற்கையாக ஓர் எச்சரிக்கைக் கருவி செய்ய முனைந்தார். ஆபத்து நேர்ந்தால் ஒலி எழும், நோயாளர் பொருட்படுத்தவில்லை. மின்னதிர்ச்சி கொடுத்துப் பார்த்தார். வேலைக்கு இடைஞ்சலாக இருந்தபோது அவர்கள் கருவியையே நிறுத்திவிட்டு வேலையைத் தொடர்ந்தார்கள்.

அவர்களை நாம் எவ்வாறு குறை கூறுவது? நாமும் நிறுத்தினோம்.

கருவியை நிறுத்தியது ஒன்று. அதனினும் நம்மை வருத்துவது மற்றொன்று. ஹதீஸ் கலையில், ஒரு செய்தியைக் கேட்டால் அறிவித்தவர் யார், அவர் நேர்மை எத்தகையது, நினைவாற்றல் எத்தகையது என்று துருவிப் பார்க்க வேண்டுமென்று நாம் படித்திருக்கிறோம்; படிப்பித்தும் வருகிறோம். முதுமையில் நினைவு கலங்கிய அறிவிப்பாளர் என்று ஒரு பிரிவே அக்கலையில் உண்டு. ஆனால் ஒருவரை அப்பிரிவில் சேர்க்குமுன் அந்த அறிஞர்கள் சான்று தேடினார்கள். வயது ஏறிவிட்டது என்பதையே சான்றாகக் கொள்ளவில்லை. நம் தாயார் எண்பத்திரண்டு ஆண்டுகளில் நம்மிடம் பொய் சொன்னதில்லை. தம் கையால் தொட்டறிந்த செய்தியை, இரண்டு முறை, தெளிவான சொல்லில் அறிவித்தார். ஒரே ஒரு முறை நாம் அந்தக் குழாயைத் தொட்டுப் பார்த்திருக்கலாம்; இல்லையேல் ஒரு டெஸ்டரை வாங்கி வைத்திருக்கலாம். நாம் தைலம் வாங்கினோம்.

மறுநாள் சுபுஹுக்குப் பின் தாயாரின் அருகில் அமர்ந்து மன்னிப்புக் கேட்டோம். “ஏன் மறுபடி சொல்லவில்லை?” என்றும் கேட்டோம். தஸ்பீஹை உருட்டிக்கொண்டே, “நீதான் படிச்சவன். நரம்புன்னு சொன்னே. நரம்பாத்தான் இருக்கும்னு நெனச்சேன்” என்றார். அதில் குற்றச்சாட்டின் சாயல்கூட இல்லை. அதுவே நமக்குத் தாங்க முடியாததாயிருந்தது.

இப்போது எர்த் குழி புதிதாகத் தோண்டிக் கரியும் உப்பும் இட்டு இணைத்திருக்கிறோம். துண்டிப்பான் தன் இடத்துக்குத் திரும்பியது. அதன் முகப்பில் சோதித்துப் பார்ப்பதற்கென ஒரு சிறு பொத்தான் உண்டு. அழுத்தினால் அது விழ வேண்டும். மாதந்தோறும் அழுத்திப் பார்க்கச் சொல்லியிருக்கிறார் இளைஞர். பிறை பார்த்த மறுநாள் அதைச் செய்வதென்று தாயார் ஏற்பாடு செய்துவிட்டார். சென்ற மாதம் நாம் மறந்திருந்தோம். கொல்லைப்புறத்திலிருந்து குரல் வந்தது.

“பொத்தான அமுக்கினியா அத்தா?”

எழுந்து போய் அழுத்தினோம். வீடு இருண்டது.